பட்டாளத்துச் சாமி குடிவந்த கொட்டகை

நாகலெட்சுமிக்குச் சாமி நம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் சாமியிடம் அவள் வேலை வாங்கியது போல அக்கரப்பத்தனைப் பக்கத்தில் வேறு எந்தப் பெண்ணும் வாங்கியதில்லை. இதை அவளிடமே சொன்னால், "நான் என்னத்த வாங்குனேன், அவராத்தான் செஞ்சாரு" என்று சொல்லிக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவாள்.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே தேயிலைத் தோட்டத்தில். மேல் பிரிவான மேற்கணக்கில் பிறந்து, கீழ்ப் பிரிவான பணியக்கணக்குக்குக் கல்யாணமாகிப் போனாள். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஓர் ஓடையும், எப்போதோ ஒரு காமன் கூத்தில் யார் தப்பு மேளத்தை யார் கிழித்தார்கள் என்ற முடியாத வழக்கும் இருந்தன. ஓடையைத் தாண்டுவது சுலபம். வழக்கைத் தாண்டிப் பெண் கொடுத்தவர்கள் அவள் வீட்டார் மட்டுமே. அதனால் மேற்கணக்கில் அவளுக்குப் பணியக்கணக்குக்காரி என்று பேர், பணியக்கணக்கில் மேற்கணக்குக்காரி. இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவளுக்கு இரண்டு பக்கமும் பேச வாய் இருந்தது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோட்டத்து உச்சியில் பட்டாளத்து மலை என்று ஓர் இடம் சும்மா கிடந்தது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்ட இடம் அது. காய்ச்சலில் விழுந்த சிப்பாய்கள் குளிரில் தேறவும், தேறியவர்கள் சுட்டுப் பழகவும் வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் துப்பாக்கிகளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் போட்டுவிட்டுப் போனார்கள். முள்ளுக்கம்பி, சாராயப் போத்தல், மாட்டிறைச்சித் தகரம், இடிந்த கக்கூஸ் குழி, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற தகரக் கொட்டகைகள். அதையெல்லாம் அள்ளித் தள்ளித் தேயிலை நட வேண்டும் என்றார் துரை. மலைத் தோட்டத் தமிழர்கள் இந்த நாட்டுக்காரர்கள் அல்ல என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. நாட்டுக்காரர் அல்லாத பட்டாளம் விட்டுப்போன குப்பையை, நாட்டுக்காரர் அல்லாத தொழிலாளர்களே அள்ளுவது பொருத்தம் என்று எவருக்கோ தோன்றியிருக்க வேண்டும்.

இதில் நாகலெட்சுமிக்கு என்ன அக்கறை என்றால், அவளுடைய கைக்குழந்தை ராசம்மா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஓடைக்கரையில் இருந்தது. சுவரில் பாசி. தரையில் எப்போதும் ஈரம். ஒழுகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஆயா தொட்டிலை மாற்றிக் கட்டுவாள். அந்த இடமும் ஒழுகும். ராசம்மா போன மழைக்குப் பிடித்த இருமலை இந்த வெயிலிலும் விடவில்லை. அடுத்த மழையை அந்த ஈரத்தில் பிள்ளை தாண்டுமா என்பது நாகலெட்சுமிக்கு நிச்சயமில்லை. பட்டாளத்து மலையின் விளிம்பில் இருந்த பெரிய கொட்டகைக்கோ சிமெந்துத் தரை, புகைபோக்கி வைத்த அடுப்பு, காற்று நுழையாத கதவு. வெள்ளைக்கார ஆபீசர்கள் சாப்பிட்ட இடம்.

ஒரு நாள் ஆள் கூட்டும் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும், கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் பெரிய கொட்டகையப் புள்ளக்காம்பராவுக்குக் குடுக்கச் சொல்லித் தொரைகிட்டக் கேளுங்க."

"ஆபீசர்மாரு விஸ்கி குடிச்ச எடம்டி அது. ஒம் புள்ளைக்குப் புட்டிப்பால் குடிக்க வேணுமாக்கும்?"

"அவுங்க புட்டியெல்லாம் நாங்கதானே அள்ளப் போறோம். அந்தக் கணக்குல கேளுங்க."

பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் வீரய்யா வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை மென்று முழுங்கினான். அங்கே நின்ற துரை காதில் அவள் பேச்சு விழுந்துவிட்டது. தோட்டத்துத் துரைமாருக்கு ஏசுவதற்கு வேண்டிய தமிழ் நன்றாகத் தெரியும். மிச்சத்தை அதை வைத்தே ஒப்பேற்றுவார்கள்.

"தெற்கு மழைக்கு முந்தி மலை முழுக்க துப்புரவு. ஒரு தகரம் இருக்கக் கூடாது. செஞ்சா கொட்டகை பிள்ளைக்கு. செய்யாட்டி கொட்டகை கழட்டி தகரம் ஸ்டோருக்கு. சரி?"

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அதன் கூரைக்குத் தகரம் வேண்டும் என்று துரை அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். மேற்கணக்கும் பணியக்கணக்கும் சேர்ந்து ஒரு வேலையை நேரத்துக்கு முடிக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்த வாக்கைக் கொடுத்திருக்க மாட்டார்.

அவர் நினைத்தது போலவே தொடங்கியது. மேற்கணக்கு ஆட்கள் ஒரு விளிம்பிலிருந்தும், பணியக்கணக்கு ஆட்கள் மறு விளிம்பிலிருந்தும் துப்புரவாக்கிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பது என்று ஏற்பாடு. நடுவில் சந்தித்தது குப்பைதான். காலையில் மேற்கணக்கு ஆட்கள் உருட்டிவிட்ட முள்ளுக்கம்பிச் சுருள் மதியம் பணியக்கணக்கு எல்லையில் கிடக்கும். பணியக்கணக்கு வீசிய போத்தல்கள் மறுநாள் மேற்கணக்குப் பக்கம் முளைத்திருக்கும். இரண்டு தரப்பும் முறிந்து முறிந்து வேலை செய்ததால் மலை அப்படியே இருந்தது.

"சாமி வைக்காமத் தொடங்குன வேலை இப்படித்தான் போகும்" என்றார் ஆண்டியப்பன். மேற்கணக்குக் கங்காணியான அவர்தான் தோட்டத்துப் பூசாரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கினால் மலையில் ஒரு கல்லை நட்டுக் கவ்வாத்துச் சாமி என்று கும்பிடுவார்கள். ஸ்டோரில் இயந்திரச் சக்கரமான ரோதை சுற்றுவதற்கு ரோதைமுனி. தோட்டத்தில் எந்த வேலைக்கும் அதற்கென்று ஒரு சாமி உண்டு. பட்டாளத்துக் குப்பை அள்ளுவதற்குத்தான் இதுவரை யாரும் இல்லை.

ஆண்டியப்பன் கல் தேடிப் போனார். முகாமின் கோடியில், பற்றைப் புதருக்குள், தேடிப்போனவரை எதிர்பார்த்து நிற்பது போல அது நின்றது. முழங்கால் உயரம். உருண்டு திரண்டு, உச்சி கூம்பி, துருவேறிச் செம்மண் நிறத்தில், பாதி பூமிக்குள். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"யாரும் நடல! தானா மொளச்சிருக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் இரண்டு கணக்கும் ஓடி வந்தன.

"என்ன மாமா, கல்லு மாதிரித் தெரியலயே. இரும்பு மாதிரியில்ல இருக்கு" என்றான் வீரய்யா.

"பட்டாளத்துச் சாமி பின்ன கல்லாவா இருப்பாரு? இரும்பாத்தான் இருப்பாரு."

சாமியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இடுப்பில் ஒரு மஞ்சள் துண்டும் கட்டினார்கள். நூர்தீன் கடையிலிருந்து தேங்காய் வந்தது. ஆண்டியப்பன் கண்ணை மூடி, தேங்காயை ஓங்கி, சாமியின் உச்சந்தலையிலேயே போட்டு உடைத்தார். இரண்டு சரி பாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

தேங்காய் மூடி யாருக்கு என்று அடுத்த சண்டை தொடங்குவதற்குள் நாகலெட்சுமி குறுக்கே வந்தாள்.

"மாமா, சாமி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாக்குறாரு. இனிமே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வேணாம். கொழுந்தெடுக்குற மாதிரி நெரை புடிப்போம். மேக்கணக்கு ஆள் ஒண்ணு, பக்கத்து நெரையில பணியக்கணக்கு ஆள் ஒண்ணு. மலைக்கு மேலருந்து கீழ வரைக்கும் அப்படியே எறங்குவோம்."

சாமி உண்மையில் ஒரு கோடியில்தான் நின்றார், நடுவில் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. நிரை பிடிப்பது, ஆளுக்கு ஒரு வரிசை, எல்லாருக்கும் கைவந்த முறை. அவரவர் நிரையை அவரவர் முடிக்க வேண்டும். பக்கத்து நிரைக்காரி பிந்தினால் முந்தியவள் கைகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தியவள் தனியாக முன்னால் நின்று பனியில் விறைப்பாள். இப்போது இரண்டு பக்கமும் அந்நியர் இருந்ததால் குப்பையைத் தள்ளிவிட இடமில்லாமல் போயிற்று. தள்ளினால் உடனே திரும்பி வந்தது, ஏச்சோடு.

"ஏண்டி, ஒங்க கணக்குல கண்ணு தெரியாதா? எங் கால்ல போத்தல எறியுற?"

"கால நெரைக்குள்ள வச்சுக்க. ஒங்க கணக்குக்குக் காலு நீளம்னுதான் பேரு."

இப்படிப் பேசிக்கொண்டே முள்ளுக்கம்பியை இருவராகப் பிடித்துச் சுருட்டப் பழகினார்கள். தனியாகச் சுருட்டினால் கம்பி திருப்பி அடிக்கும். ஒருவர் இழுத்துப் பிடிக்க ஒருவர் சுற்றினால் அடங்கும். வீரய்யாவோடு கம்பி பிடித்தவர் பணியக்கணக்குக் கங்காணி பொன்னையா. தப்பைக் கிழித்தவரின் மகன் அவர் என்பது மேற்கணக்கின் கட்சி. கம்பிக்கு அது தெரியாது. கக்கூஸ் குழியை மூடினார்கள், அடைபட்ட தண்ணீர்க் கான்களைத் திறந்தார்கள், சிமெந்துத் தரைகளை அலவாங்கு போட்டுப் பெயர்த்தார்கள். காலையில் சாமிக்குச் சூடம் கொளுத்துவது ஒரு நாள் மேற்கணக்கு, மறுநாள் பணியக்கணக்கு. வெள்ளிக்கிழமைதோறும் சாமியின் தலையில் ஒரு தேங்காய்.

எல்லாம் சாமியின் சக்தி என்றார் ஆண்டியப்பன். தன் மேற்பார்வை என்றார் கணக்கப்பிள்ளை. நாகலெட்சுமி, ராசம்மாவின் நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டு, தெற்குப் பக்கத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது மலை ஏறக்குறைய சுத்தமாகிவிட்டது. சாமி நின்ற கோடி மட்டும்தான் பாக்கி. நடுவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்து ஒப்புதல் தரப் பட்டாளத்திலிருந்து ஒருவர் வருவார் என்றார்கள். இப்போது பட்டாளம் நாட்டுக்காரருடையது. வந்தவர் ஏக்கநாயக்க என்ற சார்ஜன். அவர் ஏறி வந்தது வெள்ளிக்கிழமை. ஆண்டியப்பன் தேங்காயை ஓங்கிய நேரம்.

"ஏய்! ஏய்! அடிக்க வேணாம்! ஐயோ, அடிக்க வேணாம்!"

சார்ஜன் கத்திக்கொண்டே தரையில் விழுந்து படுத்தார். வெள்ளிக்கிழமைகளில் சாமி வந்து ஆடுபவர்கள் உண்டு. தொப்பி போட்ட ஒருவர் முதல் தடவையே இப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததில் ஆண்டியப்பனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"எழும்புங்க ஐயா, சாமி ஒங்களுக்கு அருள் குடுத்துட்டாரு."

"சாமி இல்ல! அது குண்டு! பெரிய குண்டு! எல்லாம் ஓடு!"

குண்டு என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடின. வழியில் பொன்னையா விழ, வீரய்யா தூக்கினான். ஆண்டியப்பன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். தேங்காய் அவர் கையில் இருந்தது. வீட்டு வரிசையான லயத்துக்கு வந்த பிறகும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

நின்ற இடத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும், அதுவரை யாரும் மலைக்குப் போகக் கூடாது என்றார் சார்ஜன். வெடிமருந்து வரவே நாள் ஆயிற்று. வந்த பிறகு புதுத் தொல்லை. சாமியை வெடி வைத்துச் சிதறடிப்பதற்கு மேற்கணக்கு உடன்படவில்லை. பணியக்கணக்கும் உடன்படவில்லை. சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு கணக்கும் ஒரே பேச்சில் நின்றன, அதுவும் மழைக்கு முந்தி வேலையை முடிக்கத் துடித்த நாகலெட்சுமிக்கு எதிராக.

"இவ்வளவு நாளும் வெடிக்காத சாமி. நாம கும்பிட்டதால அடங்கி இருக்காரு. இவுங்க வெடி வச்சா தோட்டத்தையே தூக்கிருவாரு" என்றார் பொன்னையா.

சம்மதம் இல்லாமல் வெடி வைத்தால் மறுநாள் பெரட்டுக்கு ஆள் வராது என்று கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்லியிருந்தார். மேகம் தெற்கே திரண்டு நின்றது. ராசம்மாவின் இருமல் லயம் முழுக்கக் கேட்டது. நாகலெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆண்டியப்பன் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"மாமா, மாரியம்மன் கோயிலுக்குத் திருப்பணி செஞ்சப்ப என்ன செஞ்சீங்க? அம்மனக் கும்பத்துல எறக்கி வச்சிட்டுத்தானே சொவர இடிச்சீங்க?"

"ஆமா."

"அது மாதிரி இவரையும் கும்பத்துல எறக்கிட்டா? அப்புறம் அங்க நிக்கிறது வெறும் இரும்புதானே."

ஆண்டியப்பன் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. "எறக்கலாம் புள்ள. ஆனா நூல் கட்டணும். ஒரு முனை சாமிமேல, ஒரு முனை கும்பத்துல. சாமிகிட்டப் போயி யாரு கட்டுறது?"

"நீங்கதானே பூசாரி. அவ்வளவு தேங்கா ஒடச்சீங்களே."

"அப்ப எனக்குத் தெரியாதே!"

சார்ஜனைத் தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது என்பது சட்டம். ஆகவே சார்ஜனிடமே போனார்கள். கணக்கப்பிள்ளை சிங்களத்தில் சுற்றிவளைத்து விளக்கப் பார்த்தார். சார்ஜன் பாதியிலேயே நிறுத்தினார்.

"விளங்குது, விளங்குது. நாங்களும் பிரித் ஓதி நூல் கட்டுறதானே. பானைக்கும் கட்டுறது. குடுங்க."

சப்பாத்தைக் கழற்றி வைத்தார். மஞ்சள் நூற்கண்டை எடுத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம் கேட்காமல் பூனை போல நடந்து போனார். குண்டின் இடுப்பில், மஞ்சள் துண்டுக்கு மேல், நூலைச் சுற்றி முடிந்தார். பிறகு யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் கூப்பினார். மறு முனையில், மேட்டுக்கு அப்பால் கானுக்குள் குந்திக்கொண்டு, ஆண்டியப்பன் வேப்பிலையும் தேங்காயும் வைத்த கும்பத்தின் கழுத்தில் நூலைச் சுற்றி, தெரிந்த மந்திரத்தையெல்லாம் அவசர அவசரமாகச் சொன்னார். அந்தத் தேங்காயை அவர் உடைக்கவில்லை.

"எறங்கிட்டாரு" என்றார் கடைசியில்.

"இப்ப இவர எங்க வைக்கிறது?" என்று கேட்டார் பொன்னையா. "லயத்துல தீட்டு இருக்கும். மழை வேற வருது, வெளியில வைக்க ஏலாது. மலைய விட்டும் எறக்கக் கூடாது."

"அந்தப் பெரிய கொட்டகை சும்மாதானே கெடக்கு" என்றாள் நாகலெட்சுமி.

கும்பத்தைக் கொட்டகையின் ஒரு மூலையில் வைத்து விளக்கேற்றினார்கள். மறுநாள் எல்லாரும் மேட்டுக்கு மறைவில் படுத்துக் காதைப் பொத்திக்கொள்ள, சார்ஜன் குண்டை வெடிக்க வைத்தார். மலை ஒருமுறை குலுங்கியது. புகை அடங்கியதும் துரையும் சார்ஜனும் போய்ப் பார்த்தார்கள். பிளந்து கிடந்த இரும்புக்குள் மருந்து இருந்ததற்கான அடையாளமே இல்லை. கெட்டியாகச் சிமெந்து அடைத்திருந்தது. சிப்பாய்கள் தூக்கிப் பழகுவதற்கு வைத்திருந்த பொம்மைக் குண்டு. குலுக்கமெல்லாம் சார்ஜன் வைத்த மருந்தினுடையது. சாமியாகக் கும்பிட்டதும் தப்பு, குண்டு என்று ஓடியதும் தப்பு. இரண்டு தப்பிலும் ஆளுக்கு ஒரு பங்கு இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

அன்று பின்னேரமே மழை பிடித்துக்கொண்டது. தெற்கு மழை. சாமி நின்ற கோடியில் பற்றை இன்னும் வெட்டாமல் கிடந்தது.

மழைக்கு முந்தி முடியவில்லை. கொட்டகையைக் கழற்றச் சொன்னார் துரை. மறுநாள் சாவியும் ஏணியும் கொடுத்து ஆட்களை அனுப்பினார். ஆட்கள் போய்க் கொட்டகைக்கு வெளியே தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஏணியைத் தொடவில்லை. துரை குடையோடு வந்தார்.

"ஏன் நிக்கிறது?"

"உள்ளுக்குச் சாமி இருக்காருங்க தொரை" என்றார் ஆண்டியப்பன்.

"சாமிய வெளிய எடு."

"எடுக்கலாங்க. வந்த எடத்துலயே திருப்பி எறக்கி விடணும். அந்த எடத்தத்தான் நம்ம சார்ஜன் ஐயா வெடி வச்சிட்டாருங்களே."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை மழையைப் பார்த்தார். தலவாக்கலையிலிருந்து ஒரு சிங்கள மேசன் பாஸை வரவழைத்தார்கள். அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். கும்பத்தையும் விளக்கையும் நூலையும் கண்டார். யார் கட்டிய நூல் என்று கேட்டார். சார்ஜன் கட்டியது என்றதும், தனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

துரை கொட்டகை வாசலில் நின்று வெகுநேரம் சுருட்டுப் பிடித்தார். அப்போதுதான் நாகலெட்சுமி, பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு, பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"தொரைங்களே, சாமி தனியா இருக்கக் கூடாதுங்க. வெளக்குப் போட, கூட்டித் தொடைக்க ஆள் வேணும். புள்ளக்காம்பரா ஆயா இங்க வந்துட்டா அதுக்குத் தனியா ஒரு ஆளப் பேர் போட்டுச் சம்பளம் குடுக்க வேண்டியதில்லைங்களே."

துரை அவளைப் பார்த்தார். அவர் மனத்தில் தகரத்தின் விலை ஓடியதா, பூசைக்குத் தனி ஆள் வைக்கும் செலவு ஓடியதா தெரியாது. "கொண்டு வா. எல்லா பிள்ளையும் கொண்டு வா" என்றார், ஏசுகிற குரலிலேயே. தமிழில் அவருக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான்.

பொன்னையாவுக்கு மட்டும் ஒரு கவலை. "புள்ளைங்க ஒண்ணுக்குப் போகும், கக்காப் போகும். சாமி இருக்குற எடமாச்சே?"

"பட்டாளத்துச் சாமி, மாமா, அவரு. சாராயம் குடிச்சிட்டு வாந்தி எடுத்தவங்களையே பாத்துக்கிட்டு நின்னவரு. இதுவா அவருக்குப் பெரிசு?" என்றாள் நாகலெட்சுமி.

அவள் திட்டம் போட்டுத்தான் கும்பத்தை அங்கே வைக்கச் சொன்னாளா என்று வீரய்யா பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறான். "மழை வந்துச்சு, வச்சோம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. சின்ன வயதிலும் அவள் அப்படித்தான். பலாச்சுளை குறைந்தால் அணில்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பாள்.

கொட்டகைக்குத் தொட்டில்கள் ஏறின. தரை காய்ந்திருந்தது. அடுப்பு எரிந்தது. ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஆபீசர்கள் அந்த மலையில் அடைமழைக்காலம் இருந்திருக்க மாட்டார்கள். கூரையும் சுவரும் ஒரே தகரமாக வளைந்த அந்தப் பீப்பாய்க்குள் தெற்கு மழை அடித்தபோது பட்டாளமே திரும்பி வந்து தலைக்கு மேல் அணிவகுத்தது போல இருந்தது. எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அலறின. ஆயா காதில் துணியடைத்துக்கொண்டு நாகலெட்சுமியைத் திட்டினாள். அது காதில் விழ வழியில்லாததால் நாகலெட்சுமி சிரித்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் குழந்தைகள் அந்தச் சத்தத்துக்குப் பழகின. அந்த மழைக்காலத்துக்குள் ராசம்மாவின் இருமல் நின்றது. ஆனால் வானம் வெளித்த இரவுகளில் லயத்தில் அவள் கண் மூடவே மாட்டாள். தகரம் அதிராமல் தூங்கத் தெரியவில்லை. சாந்தமான மனுஷனான நாகலெட்சுமியின் புருஷன் ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து விரல்களால் மழை பெய்ய வைப்பார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஏசிக் களைத்துத் தாங்களும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

சாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஆண்டியப்பன் இப்போதும் வெள்ளிக்கிழமை போவார். தேங்காயை மட்டும் கையை எட்டிய மட்டும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உடைக்கிறார். தோட்டத்து ஆட்களில் எவர் எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் எழுதிய வருஷம், ராசம்மா வளர்ந்து தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தாள். பட்டாளத்து மலைத் தேயிலையில்தான் அவளுக்கு முதல் நிரை. தாயைப் போலக் கைவேகம் உண்டு. ஒரு குறைதான். மழை அடித்துப் பிடித்தால் மற்றப் பெண்கள் விறைத்து வேகமாகக் கிள்ளுவார்கள். இவளுக்குக் கண் சொக்கிவிடும். அப்போது பக்கத்து நிரையிலிருந்து நாகலெட்சுமி எட்டி, மகளின் கூடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள்.

"எழும்புடி. இது கொட்டகை இல்ல, மலை."